தொழிற்சாலை வைக்கும் டர்போ அழுத்தமும் சாலையில் கிடைக்கும் இழுவையும்

ஃபியட் இந்தியாவில் விற்ற இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று லீனியா டி-ஜெட். இன்னொன்று 2015-இல் வந்த அபார்த் புன்டோ. இரண்டிலும் 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின்தான். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. டார்க், அதாவது எஞ்சின் சுழற்றும் விசை, என்ற கணக்கில் லீனியாவுக்கு 207 நியூட்டன் மீட்டர், அபார்த்துக்கு 212. வெறும் ஐந்து வித்தியாசம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் குதிரைத்திறனில் லீனியா 114, அபார்த் 145. இந்த முப்பத்தொன்று எங்கிருந்து முளைத்தது?

"பூஸ்டை ஏத்திவிட்டுட்டாங்க", அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டார்கள் என்பதுதான் உடனே வரும் பதில். அது பாதிதான் சரி. உச்ச அழுத்தத்தை மட்டும் ஏற்றியிருந்தால் உச்ச டார்க்கும் கூடவே ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. மாறியது வேறொன்று, அதைப் பிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். குதிரைத்திறனை 7,023-ஆல் பெருக்கி, அந்தத் திறன் கிடைக்கும் ஆர்பிஎம்மால் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வகுத்தால், அந்த வேகத்தில் எஞ்சின் தரும் டார்க் வந்துவிடும். லீனியா 5,000 ஆர்பிஎம்மில் 114 தருகிறது. அங்கே அதன் டார்க் சுமார் 160. அபார்த் 5,500-இல் 145 தருகிறது. அங்கே சுமார் 185. கீழே இரண்டும் ஒன்றுபோல இழுக்கின்றன. மேலே போகப்போக லீனியா மூச்சு வாங்குகிறது, அபார்த் இன்னும் கொஞ்ச தூரம் தம் பிடிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டர்போ கார் பற்றிய பேச்சில் "எத்தனை பூஸ்ட்?" என்று கேட்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். பூஸ்ட் என்று சொல்லப்படும் எண் பெரும்பாலும் ஒரு கணநேர உச்சம். எந்த ஆர்பிஎம்மில் அது வந்து சேர்கிறது, எதுவரை நிற்கிறது, எந்தக் கியரில், எந்த வெயிலில், எந்தப் பெட்ரோலில் என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கார்களை ஒப்பிட முடியாது.

முதலில் அந்த எண்ணையே சரியாகப் படிக்க வேண்டும். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ. பூஸ்ட் மீட்டர் அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டுமே காட்டும். காரின் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனரோ பெரும்பாலும் மொத்த அழுத்தத்தைக் காட்டும். அதில் 180 கிலோபாஸ்கல் என்று பார்த்துவிட்டு "என் வண்டி 1.8 பார் பூஸ்ட்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது 0.8 பார்தான்.

அடுத்தது, அழுத்தம் வேறு, காற்றின் அளவு வேறு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அன்று ரங்கநாதன் தெருவில் ஒரு கடை வாசலில் எவ்வளவு நெரிசல் என்பதைப் பார்த்து, உள்ளே நிமிடத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. வாசல் குறுகலாக இருந்தாலும் நெரிசல் அதிகமாகத்தான் தெரியும். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் அளக்கப்படும் பூஸ்டும் அதுபோலத்தான்: டர்போ தள்ளும் காற்றில் எஞ்சினால் உடனே விழுங்க முடியாமல் தேங்கி நிற்பதன் அளவு. வால்வுகள், கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் தாராளமாக மூச்சுவிட்டால், குறைந்த அழுத்தத்திலேயே அதிகக் காற்று உள்ளே போகும். அதனால்தான் பெரிய டர்போ 0.9 பாரில் தரும் சக்தியைச் சின்ன டர்போ 1.1 பாரிலும் தராமல் திணறுவது உண்டு.

மூன்றாவது எதிரி சூடு. 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்ட் வரை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். டர்போவில் காற்றை அழுத்தும் பாதியான கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால், காற்று ஏறக்குறைய 125 டிகிரியில் வெளியே வரும். அழுத்தம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். ஆனால் சூட்டில் விரிந்துவிட்டதால் அடர்த்தி ஒன்றரை மடங்குதான். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி கிட்டத்தட்ட 1.9 மடங்காகும். மீட்டரில் முள் நிற்கும் இடம் ஒன்றுதான், எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனில் கால் பங்கு வித்தியாசம்.

சரி, நிறுவனங்கள் விளம்பரத்தில் பூஸ்டைச் சொல்வதில்லை, டார்க்கைச் சொல்கின்றன. அதை வைத்தே பூஸ்டை ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். டர்போ இல்லாத நல்ல பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 95 முதல் 105 நியூட்டன் மீட்டர் வரை தரும். டர்போ காரின் டார்க்கை லிட்டரால் வகுத்து, 100-க்கு மேல் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் 1.0 லிட்டர் எஞ்சின் 172 தருகிறது. லிட்டருக்கும் அதே 172. அபார்த் புன்டோ லிட்டருக்கு 155. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 பூஸ்டர்ஜெட் 230, லிட்டருக்கு 168 அளவில். 2025-இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ 370, லிட்டருக்கு 186. மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் 2 லிட்டருக்குச் சற்றே குறைவான எஞ்சினில் 500, அதாவது லிட்டருக்கு 250. கடைசிக் காரில் அழுத்தம் 2.1 பார் என்று ஏஎம்ஜியே அறிவித்திருக்கிறது. மற்றவற்றில் வகுத்து வந்த எண்ணே யார் எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை மாட்டும். டாடா அல்ட்ரோஸ் ஐ-டர்போ 2021-இல் வந்தபோது அதன் 1.2 லிட்டர் எஞ்சின் தந்தது 110 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர். லிட்டருக்கு 117. டர்போ என்ற பெயருக்கு ரொம்பவும் கூச்சமான எண். ஆனால் அந்த 140-ஐ 1,500 முதல் 5,500 ஆர்பிஎம் வரை வளையாமல் தருவதாகச் சொன்னார்கள். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 5,500-இல் சரியாக 140 வருகிறது. அதாவது இது டர்போவின் வரம்பு அல்ல. மேசையில் உட்கார்ந்து யாரோ எஞ்சினை ஆளும் கணினியான இசியுவில் போட்ட கோடு. 2024-இல் அல்ட்ரோஸ் ரேசர் வந்தபோது 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். டார்க் உயர்ந்த அதே சமயத்தில் கியர்பாக்ஸும் 5-இலிருந்து 6 கியருக்கு மாறியது. பழைய கியர்பாக்ஸுக்காகத்தான் கோடு 140-இல் போடப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலை எந்த இடத்தில் கோடு போடுகிறது என்பதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் அழுத்தம் 0.55 பார்தான். அதற்கே, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் பயத்தில், பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கம்ப்ரஷன் விகிதத்தை 6.9-க்கு இறக்கினார்கள். விளைவு, டர்போ விழிக்கும்வரை அது சாதாரணக் காரைவிடச் சோம்பலான கார். விழித்த பிறகு பின்சக்கரம் எங்கே போகும் என்று தெரியாத கார். சாப் நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. 99 டர்போவில் சின்ன டர்போவை வைத்து, அழுத்தம் அளவுக்கு மீறாமல் வேஸ்ட்கேட் என்ற கதவால் எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிட்டு, அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே இழுவை கிடைக்கும்படி செய்தது. 1980-களின் தொடக்கத்தில் ஏபிசி (APC) என்ற மின்னணு முறையையும் கொண்டுவந்தது. எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சார் நாக்கிங் சத்தத்தைக் கேட்கும். கேட்ட மறுகணம் பூஸ்ட் இறங்கும். ஊற்றிய பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சினே தன் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. இன்று எந்த டர்போ பெட்ரோல் காரை எடுத்தாலும் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் செலுத்தும் முறையும் சேர்ந்துகொண்டதால், 2.1 பார் அழுத்துகிற ஏ45 எஸ் 9.0 கம்ப்ரஷன் விகிதத்தையும் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஆக, ஒரு மாடலுக்குத் தொழிற்சாலை பூஸ்ட் இவ்வளவு என்று ஒரே எண் சொல்வது இப்போது பொருந்தாது. இருப்பது ஒரு பெரிய அட்டவணை. ஆர்பிஎம், கியர், காற்றின் சூடு, வெளி அழுத்தம், நாக்கிங் என்று எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு கணமும் இசியு இலக்கு வைக்கிறது. அந்த இலக்கைக் கீழே இழுப்பவை சில.

முதலாவது பெட்ரோல். மாருதி பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்தபோது அதன் 1.0 பூஸ்டர்ஜெட் எஞ்சினுக்கு 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். ஐரோப்பியப் பலேனோவில் அதே எஞ்சின் 111, 170. இன்னும் சுவையான உதாரணம் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின். ஐரோப்பாவில் 115 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர்; இந்தியாவில் அதே 115, ஆனால் 178. மேல் வேகத்தில் சக்தியைக் குறைக்கவில்லை. கீழ் வேக டார்க்கை மட்டும் கிள்ளியிருக்கிறார்கள். காரணம் யூகிக்கக்கூடியதே. குறைந்த ஆர்பிஎம்மில் பிஸ்டன் மெதுவாக நகரும். அழுத்தமும் சூடும் ஏறிய கலவை தானாகவே வெடிக்க நிறைய நேரம் கிடைக்கும். நம் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) இருந்த காலத்தில் அந்த மூலைதான் மிக ஆபத்தானது. அதோடு நேரடியாக எரிபொருள் செலுத்தும் டர்போ எஞ்சின்களில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் இன்னொரு நோயும் உண்டு. ஒரே ஒரு தடவை பலமாக நடந்தாலும் பிஸ்டன் உடையக்கூடும். 2018-க்குப் பின் வந்த எண்ணெய்த் தரங்களில் இதற்கென்றே தனிச் சோதனை சேர்த்தார்கள். ஐந்தாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் மிதியை அழுத்தி "பிக்அப் இல்லை" என்று அலுத்துக்கொள்பவர், உண்மையில் இசியு தன் எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கிறார்.

எத்தனாலின் ஆக்டேன் 100-க்கு மேல் என்பதால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங் விஷயத்தில் டர்போவுக்கு உதவியே செய்யும். மைலேஜ் குறைவது வேறு கதை. 100 ஆக்டேன் பெட்ரோலைக் காசு கொடுத்து ஊற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இசியுவின் அட்டவணையில் மேலே ஏற இடம் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். 91-க்காகவே எழுதப்பட்ட அட்டவணையில் பர்ஸ்தான் இலேசாகும்.

இரண்டாவது கியர்பாக்ஸ். ஃபோக்ஸ்வேகனின் உலர் கிளட்ச் 7 கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ் தாங்கும் உச்சம் 250 நியூட்டன் மீட்டர். அதோடு சேர்த்து விற்கப்படும் 1.5 டிஎஸ்ஐ எஞ்சினின் டார்க் எவ்வளவு என்று பார்த்தால், அதுவும் 250. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சக்கரம். முன்சக்கர இழுவையில் 380 நியூட்டன் மீட்டரை அனுப்பிய மாஸ்டாஸ்பீட் 3 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2.3 லிட்டர் எஞ்சின், உச்சத்தில் ஒரு பாருக்குச் சற்று மேல். முழு அழுத்தத்தை முதல் கியரில் கொடுத்தால் சக்கரம் சுழன்று புகை வரும், கார் நகராது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எனவே முதல் இரண்டு கியர்களில் மாஸ்டா டார்க்கை மட்டுப்படுத்தியது. இரண்டாம் கியரில் மீட்டரைப் பார்த்து "கம்பெனி சொன்ன பூஸ்ட் வரலையே, எங்கோ லீக்" என்று ஹோஸ் கிளாம்ப் மாற்றியவர்களின் தேடல் வீண். மூன்றாம் கியரில் பார்த்திருக்க வேண்டும்.

நேர்மாறான தந்திரமும் உண்டு. 2013 ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியின் அதிகாரபூர்வ அளவு 182 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர். மிதியை முழுவதும் அழுத்தினால் சில விநாடிகளுக்கு 200, 290 வரை போகும். ஓவர்பூஸ்ட் என்று பெயர். ஃபோக்கஸ் ஆர்எஸ் காரிலும் 440 என்பது 15 விநாடிகளுக்கு 470 ஆகும். யோசித்தால், சாலையில் யார்தான் அதற்கு மேல் தொடர்ந்து முழு மிதியில் வைத்திருப்பார்கள்? அதாவது இந்தக் கார்களின் உண்மை முகம் ஓவர்பூஸ்ட் எண்தான். தாளில் உள்ளது அடக்கமான எண். ஆனால் சூடு ஏறிய நாளில், அடுத்தடுத்துப் பிழிந்தால், அந்தக் கூடுதல் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

சூடு என்றதும் சென்னை. மே மாதம், வெளியே 40 டிகிரி, கத்திப்பாராவில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார். இன்டர்கூலர் வழியாகக் காற்று ஓடவில்லை. அதுவே சூட்டை வாங்கி வைத்திருக்கிறது. உள்ளே போகும் காற்று 50-க்குப் பதில் 70 டிகிரி என்றால், அதே அழுத்தத்தில் அடர்த்தி 6 சதவீதம் போல் குறையும். அதோடு நின்றால் பரவாயில்லை. சூடான காற்று நாக்கிங்கை அழைக்கும் என்பதால் இசியு ஸ்பார்க் வரும் நேரத்தைத் தாமதப்படுத்தும், அப்படியும் அடங்காவிட்டால் பூஸ்டை இறக்கும். இரண்டும் சேரும்போது காலையில் பறந்த அதே கார் மதியத்தில் மந்தமாகிவிடும். எஞ்சினுக்கு மேலேயே இன்டர்கூலரை உட்கார வைத்த மாஸ்டாஸ்பீட் 3, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற கார்களில் இது பிரசித்தம். ஃபோக்ஸ்வேகன் தன் டிஎஸ்ஐகளில் தண்ணீரால் குளிரூட்டப்படும் இன்டர்கூலரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே வைத்தது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. டர்போவுக்கும் வால்வுக்கும் நடுவே நிரப்ப வேண்டிய குழாயின் கொள்ளளவு குறைவு; பூஸ்ட் சீக்கிரம் வந்து சேரும்.

மலையேறும்போது கதை வேறு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் 0.77 பார் அளவுதான். டர்போ இல்லாத கார் அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு காற்றை இழந்துவிடும். டர்போ காரோ, டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி இழந்ததை ஈடுசெய்யும். அதற்காகவே தொழிற்சாலை கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஆனால் இந்த ஈடுசெய்தல் எல்லாம் டர்போ விழித்த பிறகுதான். கல்லட்டிப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, இரண்டாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் வெளியே வரும்போது உங்களிடம் இருப்பது மெலிந்த காற்றில் மூச்சுவிடும், ஏசியையும் சுமக்கும், வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் பழைய 1.5 லிட்டர் சாதாரண எஞ்சின் நன்றாகவே இருக்கும். முதல் கியருக்கு இறக்கத் தயங்காதவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எடை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 140 குதிரைத்திறன்தான். சூத்திரத்தில் போட்டால் 5,500 ஆர்பிஎம்மில் அதன் டார்க் 230-இலிருந்து 179-க்கு விழுந்திருக்கும்; மேலே அது வாடும் எஞ்சின். ஆனால் ஜப்பானில் அந்தக் காரின் எடை 970 கிலோ. 2,500-இல் முழு டார்க்கும் வந்து நிற்கும்போது ஒரு டன்னுக்கும் குறைவான கார் எப்படிப் பாயும் என்பதை, 1,400 கிலோ காரில் 200 குதிரைத்திறன் வைத்திருப்பவர்தான் பொறாமையோடு சொல்ல வேண்டும். ஏஎம்ஜி போனது இதற்கு நேரெதிர் திசை. ஏ45 எஸ் காரின் உச்ச டார்க் 5,000 ஆர்பிஎம்மில்தான் வரும்படி வளைவை வேண்டுமென்றே மேல்நோக்கி வரைந்தார்கள். டர்போ இல்லாத பழைய பந்தய எஞ்சின் போல, சுழலச்சுழல இன்னும் தா என்று கேட்கவைக்கும் குணம் அது. அழகான வேலை. ஆனால் நம் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது நான் கேட்பது ஸ்விஃப்ட்டின் வளைவைத்தான்.

கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியும் இந்த வழியில் வந்த கார்தான். டாடாவின் 1.2 டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் கொண்ட நெக்ஸானைவிட 20 நியூட்டன் மீட்டர் குறைவு! இருந்தும் இலகுவான உடலும் மாற்றியமைத்த கியர் விகிதங்களும் அதை நெக்ஸானைவிடச் சுறுசுறுப்பாக்கின. 2020-இல் நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் இன்னும் விற்க மறுக்கிறார்கள் என்று கேள்வி.

கடைசியாக ரீமேப். இசியுவில் தொழிற்சாலை போட்ட கோடுகளை வெளியே உள்ள ட்யூனர் அழித்து மேலே எழுதுவதுதான் அது. டர்போ கார்களில் இது எளிதில் பலன் தருவதற்குக் காரணம், கோடு பெரும்பாலும் டர்போவின் எல்லைக்குக் கீழேயே போடப்பட்டிருப்பது. நடு ஆர்பிஎம்மில் வரும் உதை உண்மையானது. ஆனால் ட்யூனரிடம் உச்ச எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளில் பழைய வளைவையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேளுங்கள். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை ஏற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி காராக இருந்தால் 250-க்கு மேல் போகும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் கிளட்ச்சின் கணக்கில்தான் எழுதப்படும். வாரண்டி இருக்கும்போது கிளட்ச் போனால், சர்வீஸ் சென்டர் முதலில் தேடுவது இசியுவில் கைவைத்த தடயத்தை.